பித்னா: சொல்லும் பொருளும்

பித்னா என்னும் சொல்லைக் கேளாமல் வளர்ந்த தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் அரியர். அடுத்த வீட்டுப் பேச்சை இந்த வீட்டிற்குக் கொண்டுவந்து இரு வீட்டாரையும் மூட்டிவிடுபவளைப் பித்னாக்காரி என்று பாட்டிமார் ஏசுவர். ஜமாஅத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்பவனை, ‘பித்னா உண்டாக்காதே, உட்கார்’ என்று அடக்குவர். மிம்பரில் நின்று உரையாற்றும் ஆலிம், இறுதி நாளுக்கு முன்னர் அலை அலையாய் வரவிருக்கும் பித்னாக்களைக் கூறி எச்சரிப்பார். தொழுகையின் கடைசி இருப்பில், ஸலாம் கொடுக்கு முன்னர், வாழ்வின் பித்னாவிலிருந்தும் மரணத்தின் பித்னாவிலிருந்தும் காவல் தேடுகின்றோம். வம்புப் பேச்சுக்கும் இச்சொல். கணக்குக் கேட்பதற்கும் இச்சொல். தஜ்ஜாலின் வருகைக்கும் இச்சொல். ஒரே சொல் இத்தனை சுமைகளைத் தாங்கி நிற்பது வியப்பன்று. மொழிதோறும் அத்தகைய சொற்கள் உண்டு. ஆனால், ஒரு பொருளுக்குரிய கடுமையை எடுத்து வேறொரு பொருளின் மீது ஏற்றிவிடும்போது அநீதி பிறக்கின்றது. கொலையினும் கொடியது பித்னா என்னும் திருமறையின் கருத்து, ஜமாஅத்துக் கணக்கைக் கேட்ட எளியவன் ஒருவனின் மேல் எறியப்படும்போது நடப்பது அதுவே. ஆகவேதான் இச்சொல்லைச் சற்று நிதானமாக ஆராய விரும்புகின்றோம்.

அரபு அகராதியாளர்கள் இச்சொல்லின் வேரைப் பொற்கொல்லனின் உலைக்களத்திலே காண்கின்றனர். இப்னு மன்ழூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியும், திருக்குர்ஆன் சொற்களுக்குப் பொருள் கூறும் இமாம் ராகிப் அல் இஸ்பஹானியின் ‘முப்ரதாத்’தும் இதில் ஒருமித்தே நிற்கின்றன. பொன்னையும் வெள்ளியையும் நெருப்பிலிட்டு, மாசு எது, மாற்று எது எனப் பிரித்தறிவதே இவ்வேர்ச் சொல்லின் முதற்பொருள். நெருப்பிலிட்டுச் சோதித்த பொற்காசு ‘மப்தூன்’ எனப்பட்டது. பொற்கொல்லனுக்கே ‘பத்தான்’ என்றொரு பெயர் இருந்தது. அந்த உலைக்களத்திலிருந்து புறப்பட்டுத்தான் இச்சொல் சோதனை, துன்புறுத்தல், மயக்கம், வழிதவறச் செய்தல், உட்பகை, உள்நாட்டுப் போர் என்று கிளை கிளையாய்ப் பரந்தது.

நம் தமிழிலோ இதற்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் உலைக்களத்தில் பிறந்தவையல்ல, குளத்தங்கரையில் பிறந்தவை. குழப்பம் என்னும்போது குழம்பிய நீரையும், கலக்கம் என்னும்போது கலங்கிய நீரையும் மனம் காண்கின்றது. கலகம் என்னும் சொல் வடமொழியின் வழிவந்ததேயெனினும், தமிழ்ச் செவிக்கு அதுவும் கலக்குதலோடு உறவுடையதாகவே ஒலிக்கின்றது. வேறுபாடு சிறிதெனத் தோன்றும், சிறிதன்று. தெளிந்த குளத்தில் ஒருவன் இறங்கிக் கலக்குகின்றான் எனில் குற்றம் முழுவதும் அவனுடையதே. அவன் இறங்காதவரை நீர் தெளிவாகவே இருந்தது என்பது அவ்வுவமையின் உட்கிடை. அடியில் சேறு கிடந்ததே என்று எவரும் கேட்பதில்லை. உலையில் இட்ட பொன்னின் நிலை அதுவன்று. மாசு முன்பே பொன்னில் இருந்தது. நெருப்பு அதனை வெளிக்கொணர்ந்தது, அவ்வளவே. பித்னாவைக் குழப்பம் என்று மட்டும் பெயர்த்தவுடன், நம்மையறியாமலே பொன்னை மறந்து குளத்தை நினைக்கத் தொடங்கிவிடுகின்றோம். தமிழில் உலைக்களச் சொற்கள் இல்லாமலில்லை. புடமிடுதல் உண்டு, உரைகல் உண்டு. சுடச்சுடப் பொன் ஒளிர்வதைத் தவத்தோர்க்கு உவமையாக்கினார் வள்ளுவர். இருந்தும் பித்னாவுக்கு நாம் அவற்றை நாடவில்லை.

திருமறையில் இச்சொல்லும் இதன் உறவுச் சொற்களும் வரும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், உலைக்களத்தின் வெம்மை அங்கு ஆறவேயில்லை என்பது விளங்கும். 51ஆம் அத்தியாயத்தில் மறுமையை மறுப்போர் நெருப்பில் வாட்டப்படுவதற்கு இவ்வேரின் வினைச்சொல்லே வருகின்றது. 85ஆம் அத்தியாயத்தில், அகழில் தீமூட்டி நம்பிக்கையாளரை வதைத்த கொடியோரின் வரலாற்றைத் தொடர்ந்து, ஆண்களும் பெண்களுமான நம்பிக்கையாளரைத் துன்புறுத்தியோருக்குரிய தண்டனை கூறப்படும் இடத்திலும் இதே வினைதான். செல்வமும் மக்களும் உங்களுக்குப் பித்னாவே என 8ஆம் அத்தியாயமும் 64ஆம் அத்தியாயமும் உரைக்கின்றன. தீமையைக் கொண்டு மட்டுமன்றி நன்மையைக் கொண்டும் மனிதரைச் சோதிப்பதாக 21ஆம் அத்தியாயம் கூறுகின்றது, அங்கும் இச்சொல்லே. நபி மூஸா (அலை) அவர்களைப் பற்பல சோதனைகளுக்கு உட்படுத்தியதாக இறைவன் நினைவூட்டுமிடத்திலும், நபி தாவூத் (அலை), நபி சுலைமான் (அலை) ஆகியோரைச் சோதித்ததாகக் கூறுமிடங்களிலும் இவ்வேரே பயில்கின்றது. இவ்விடங்களில் எதிலேனும் குழப்பம் என்றோ கலகம் என்றோ எழுதிப் பார்த்தால் பொருள் எங்கே போய் நிற்குமென வாசகர்களே அறிவர். இறைவன் தன் தூதரைக் குழப்பினான் என்று எவர் எழுதத் துணிவார்?

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதனை அறியாதவர்களல்லர். சோதனை என வேண்டிய இடத்தில் சோதனை என்றே பெரும்பாலும் எழுதியுள்ளனர். சிக்கல் வருவது 2ஆம் அத்தியாயத்தின் 191ஆம், 217ஆம் வசனங்களில். கொலையினும் கடியது பித்னா, கொலையினும் பெரியது பித்னா என்னும் கருத்துகள் முறையே அங்குதான் வருகின்றன. அங்கே குழப்பம், கலகம், விஷமம் என்றவாறு பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. சிலர் அரபுச் சொல்லையே வைத்து, பிறைக்கோட்டுக்குள் குழப்பம் என்று விளக்கம் தருகின்றனர். பிறைக்கோட்டை மறந்து குழப்பத்தை மட்டும் நினைவிற் கொள்வது கேட்போரின் இயல்பு. விளைவு, குழப்பம் செய்பவன் கொலைகாரனினும் கொடியவன் என்றொரு சட்டம் நம் ஊர்ப் பேச்சில் எவரும் இயற்றாமலே நிலைபெற்றுவிட்டது.

இவ்வசனங்கள் எச்சூழலில் அருளப்பட்டன என்பதைப் பார்ப்போம். ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் (ரலி) தலைமையில் சென்ற ஒரு சிறு படை, நக்லா என்னுமிடத்தில் குறைஷியரின் வணிகக் கூட்டத்தை எதிர்கொண்டது. அம்ர் இப்னுல் ஹள்ரமீ என்பவன் கொல்லப்பட்டான். அது போர் விலக்கப்பட்ட ரஜப் திங்கள். புனிதத் திங்களின் தூய்மையை முஸ்லிம்கள் கெடுத்துவிட்டனர் எனக் குறைஷியர் ஊர்தோறும் கூக்குரலிட்டனர். அதற்கு விடையாக வந்தது 217ஆம் வசனம். அத்திங்களில் போரிடுதல் பெருங்குற்றமே என அது ஒப்புக்கொள்கின்றது, மழுப்பவில்லை. ஆயின் இறைவழியைத் தடுத்ததும், புனிதப் பள்ளிக்குரியவர்களை அங்கிருந்து வெளியேற்றியதும் அதனினும் பெருங்குற்றங்கள் என்று எடுத்துக்காட்டி, அதன் பின்னரே கொலையினும் பெரியது பித்னா என்கின்றது. 191ஆம் வசனத்திலும் வீட்டைவிட்டு விரட்டியோரைப் பற்றிய பேச்சே முன்னால் நிற்கின்றது.

அப்படியாயின் அந்தப் பித்னா எது? மக்கத்து வலியோர் அங்குள்ள எளியோர்க்கு இழைத்த கொடுமையே அது. பிலால் (ரலி) அவர்கள் சுடுமணலில் கிடத்தப்பட்டதும், சுமைய்யா (ரலி) அம்மையார் கொல்லப்பட்டதும் நாம் அறிந்தவை. கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்களை நம்மவர் குறைவாகவே நினைக்கின்றோம். அவர் மக்காவில் வாள் வடிக்கும் கொல்லர். நாள்தோறும் உலைமுன் அமர்ந்து இரும்பைக் காய்ச்சிய அவரையே நெருப்புத் துண்டங்களின் மேல் கிடத்தினார்கள் மக்கத்து எசமானர்கள். பித்னா என்னும் சொல் தன் பிறப்பிடமாகிய உலைக்களத்திற்கே திரும்பிய காட்சி அது. அவரை வாட்டியவர்களின் செயலைத்தான் திருமறை கொலையினும் பெரிதென்றது. அவர் அச்சபையில் எழுப்பிய வினாக்களை அன்று.

இது நம் கற்பனை விளக்கமன்று. இரண்டாம் கலீபாவின் மகனார் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களே இதனைத் தெளிவாக்கியுள்ளார்கள். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் உமையாக்களுக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம். பித்னா நீங்கும்வரை போரிடுமாறு இறைவன் கட்டளையிட்டிருக்க, நீங்கள் ஏன் வாளெடுக்கவில்லை எனச் சிலர் வந்து அவர்களிடம் கேட்டனர். பித்னா இல்லாதொழியும்வரை தாங்கள் போரிட்டுவிட்டதாகவும், கேட்க வந்தவர்களோ பித்னா உண்டாகும்வரை போரிட விரும்புவதாகவும் அவர்கள் விடையிறுத்தார்கள். பித்னா என்றால் என்ன என்பதையும் விளக்கினார்கள். முஸ்லிம்கள் தொகையில் சிறுத்திருந்த அக்காலத்தில் ஒருவன் தன் மார்க்கத்தின் காரணமாகவே வதைக்கப்பட்டான், ஒன்று கொன்றார்கள், அன்றேல் கட்டிவைத்து வருத்தினார்கள். அதுவே அந்தப் பித்னா என்று. இமாம் புகாரீயின் தொகுப்பில் இச்செய்தி உள்ளது. ஒரே விடையில் இச்சொல்லின் இரு பொருளையும் அப்பெரியார் கையாண்டிருப்பதைக் காண்க. வலியோரின் கொடுமையும் பித்னா. உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் வெட்டி மாய்வதும் பித்னா. ஆனால் ஒன்றுக்கு அருளப்பட்ட வசனத்தை மற்றொன்றுக்கு எடுத்துப் பேசுவதை அவர்கள் ஏற்கவில்லை.

நிலைகுலைவு என்னும் பொருள் இச்சொல்லுக்கு இல்லை என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டா. இருக்கின்றது, கனமாகவே இருக்கின்றது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் தோழர்களை நோக்கி, பித்னா பற்றிய நபிமொழி எவருக்கு நினைவிருக்கின்றது எனக் கேட்டார்கள். ஹுதைபா (ரலி) அவர்கள், ஒருவனுக்குத் தன் குடும்பத்தாலும் பொருளாலும் அண்டை வீட்டானாலும் நேரும் பித்னாவைக் கூறி, தொழுகையும் நோன்பும் தருமமும் அதற்குக் கழுவாய் என்றார்கள். நான் கேட்டது அதுவன்று, கடல் அலைபோல் மோதுவதைக் கேட்கின்றேன் என்றார்கள் கலீபா. உங்களுக்கும் அதற்கும் இடையே மூடிய கதவொன்று உண்டு என விடை வந்தது. அக்கதவு திறக்கப்படுமா, உடைக்கப்படுமா? உடைக்கப்படும். அப்படியானால் அது மீண்டும் மூடப்படாது என்றார்கள் உமர் (ரலி). கதவு என்றது அவர்களையே எனப் பின்னர் விளங்கிற்று. கி.பி. 656இல் கலீபா உதுமான் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டதும், அதே ஆண்டின் ஜமல் போரும், 657இல் ஸிப்பீனும், 661இல் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் படுகொலையும் சேர்ந்து முதற் பித்னா என வரலாற்றில் பெயர்பெற்றன. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி), முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) போன்ற வீரர்கள் வாளை உறையிலிட்டு ஒதுங்கியது அஞ்சியதனால் அன்று. பித்னாவின்போது நடப்பவனினும் நிற்பவன் மேல், நிற்பவனினும் அமர்ந்திருப்பவன் மேல் என்னும் நபிமொழி அவர்களின் காதில் இருந்தது. ஆகவே, பேச்சையடக்கு, பொறுத்திரு என்று சொல்லும் பெரியவர்களின் குரலுக்குப் பின்னால் ஓர் உண்மையான வரலாற்று அச்சம் உண்டு. அதனை இகழ நமக்கு மனமில்லை.

ஆனால் அந்த அச்சத்தைக் காட்டி எவர் எவரை அடக்குகின்றார் என்பதைத்தான் கவனிக்கவேண்டும். இதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகத் துல்லியமான சான்று ஒரு மதீனாத் தெருவின் இரவு.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் தம் குலத்தார்க்கு இமாமாக நின்று இஷாத் தொழுகை நடத்திவந்தார்கள். ஒரு நாள் நீர் இறைக்கும் ஒட்டகங்கள் இரண்டை ஓட்டிக்கொண்டு, வேலை முடிந்த களைப்போடு ஒருவர் வந்தார். தொழுகை நடப்பதைக் கண்டு ஒட்டகங்களை நிறுத்திவிட்டு அணியில் சேர்ந்தார். முஆத் (ரலி) அவர்களோ நெடிய அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். பகரா என்பர். நின்று நின்று பார்த்த அந்த உழைப்பாளி அணியைவிட்டு விலகிச் சென்றுவிட்டார். இமாம் அவரைப் பற்றிக் கடுமையாகப் பேசினார் என்னும் செய்தி அவர் செவிக்கு எட்டியது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்.

இன்று நம் மஹல்லாவில் இது நடந்திருந்தால் பித்னாக்காரன் என்னும் பட்டம் எவருக்குக் கிடைத்திருக்கும்? ஜமாஅத்தை விட்டு வெளியேறியவருக்கு. இமாமின் மீதே புகார் கொண்டுபோனவருக்கு. அதில் ஐயமில்லை. ஆனால் அண்ணலார் அச்சொல்லை அவர் மீது வைக்கவில்லை. முஆதை அழைத்து, நீர் பத்தானா என மூன்று முறை கேட்டார்கள். குறுகிய அத்தியாயங்களை ஓதலாகாதா, உம் பின்னே முதியவரும் நலிந்தவரும் தேவையுடையவரும் நிற்கின்றனரே என்றார்கள். முஆத் (ரலி) சாமானியரல்லர். ஹலால், ஹராம் அறிவதில் தோழர்களிடையே தலைசிறந்தவர் எனப் போற்றப்பட்டவர். செய்ததும் பாவமன்று, குர்ஆனை நீள ஓதியதே. எனினும் அணியைக் குலைத்தது வெளியேறியவரின் காலன்று, நிற்க இயலாதபடி நீட்டிய நாவே என்று அந்த ஒரு சொல் தீர்ப்பளித்துவிட்டது. ஜமாஅத்தின் ஒற்றுமைக்குப் பொறுப்பு முன்னிற்பவருடையது. பித்னாவைப் பற்றி நூறு பயான் கேட்டிருக்கின்றோம். இந்நிகழ்ச்சி அவற்றில் எத்துணை முறை எடுத்தாளப்பட்டது என்று எண்ணிப் பார்க்கின்றோம். விரல்கள் மீதமாகின்றன.

உண்மையில், நிலைகுலைப்பவன் என்னும் பட்டம் நபிமார்களுக்கே சூட்டப்பட்டதன்றோ! மூஸாவைக் கொல்ல அனுமதி கேட்ட பிர்அவ்ன் சொன்ன காரணத்தைத் திருமறை 40ஆம் அத்தியாயத்தில் பதிந்து வைத்திருக்கின்றது. அவர் நாட்டில் பசாதை உண்டாக்கிவிடுவார் என்று அஞ்சுகின்றேன் என்றானாம் அவன். ஆண் மகவுகளைக் கொன்று குவித்தவனுக்குப் பசாதைப் பற்றிக் கவலை! குறைஷியரும் இதனைத்தான் கூறினர். ஹஜ்ஜுக் காலத்தில் வரும் வெளியூராரிடம் முஹம்மதைப் பற்றி என்ன சொல்வது எனக் கூடி ஆய்ந்தபோது வலீத் இப்னுல் முஙீரா தேர்ந்தளித்த குற்றச்சாட்டு, தந்தையையும் மகனையும், கணவனையும் மனைவியையும் பிரிக்கும் சூனியக்காரர் என்பதே. குடும்பத்தைக் குலைப்பவர், ஊரைப் பிரிப்பவர்! உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை விரும்பி ஓதும் இல்லங்கள், நுபுவ்வத்துக் காண்டத்தின் பகைவர் பேச்சுகளை இந்நோக்கில் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

அரசுகளின் அகராதியிலும் இச்சொல்லும் இதன் தமிழ் உறவுகளும் இவ்வாறே பயின்றுள்ளன. 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததை நெடுங்காலம் வேலூர்க் கலகம் என்றே நம் பிள்ளைகள் படித்தனர்; பின்னரே அது புரட்சி ஆயிற்று. 1921இல் மலபாரில் நிகழ்ந்தது மாப்பிள்ளைக் கலகம் என்றே நம் பக்கத்தில் வழங்கிற்று. அந்த நவம்பரில் திரூரிலிருந்து சரக்கு வண்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் ஏறத்தாழ 70 பேர், கோவையை அடுத்த போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோது மூச்சுமுட்டி மாண்டிருந்தனர். அதற்குக் கலகம் என்று எவரும் பெயரிடவில்லை. நம் காலத்தில், 2009இல் ஈரானின் தேர்தல் முடிவை எதிர்த்துத் தெருவில் திரண்டவர்களை அந்நாட்டு ஆட்சியாளர்கள் பித்னாக்காரர்கள் என்றனர். பாரசீக ஆண்டு 1388 ஆதலின், ‘எண்பத்தெட்டின் பித்னா’ என்பதே அந்நிகழ்ச்சிக்கு அரசுத் தரப்பில் நிலைத்த பெயர்.

கடல் கடந்த நம் உறவினர்களின் வழக்கு இன்னும் வேடிக்கையானது. மலாய் மொழியில் பித்னா என்றால் அவதூறு, பொய்ப்பழி; பிற பொருள்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. மலேசியாவின் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்திற்கு மலாயில் ‘அக்தா பித்னா’ என்றே பெயர். இந்தோனேசியாவில் கொலையினும் கொடிது அவதூறு என்று பொருள்படும் முதுமொழி பாமரரும் அறிந்தது. திருமறையின் வசனமே அவ்வாறு உருமாறி முதுமொழியாயிற்று. பழிதூற்றலுக்கு அரபில் புஹ்தான் என்றும், கோள் மூட்டுதலுக்கு நமீமா என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவற்றைக் கண்டிக்கத் தனி வசனங்களும் நபிமொழிகளும் உள்ளன. நம் பாட்டிமார் பித்னாக்காரி என்று ஏசியது உண்மையில் நமீமாவைத்தான். உர்துக் கவிஞர்களோ காதலியின் கண்வீச்சையே பித்னா என்று பாடிக் களித்தனர். அவர்களை இங்கே இழுக்கவேண்டா.

இனி, நம் இல்லத்திற்குள் வருவோம். தந்தை மறைந்தபின் சகோதரி ஒருத்தி தன் பங்கைக் கேட்கின்றாள். 4ஆம் அத்தியாயம் அவளுக்கென்று வகுத்துக் கொடுத்த பங்கு அது. சகோதரன் ஈயும் கொடையன்று. உடனே குடும்பத்தில் எழும் சொல் யாது? பித்னா. அண்ணன் தம்பிகளுக்குள் பித்னா உண்டாக்கிவிட்டாள், மருமகன் தூண்டிவிட்டு ஆட்டுவிக்கின்றான் என்பர். சில நாளில் அவளைச் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிடச் செய்வர். அவளும், உடன்பிறந்தான் வீட்டு வாசல் மூடிவிடக்கூடாதே என்றெண்ணி ஒப்பமிடுவாள். குடும்பம் தெளிந்த குளமாகிவிட்டது என எல்லாரும் மகிழ்வர். ஆனால் திருமறையின் சொற்படி இங்கே பித்னா எது? செல்வமே பித்னா என்று அது கூறுகின்றது. உலையில் கிடப்பது சகோதரனின் நெஞ்சம். கேட்ட சகோதரி உரைகல். உரைகல்லைப் பழித்துப் பொன்னின் மாற்று உயர்வதில்லை.

திருமணப் பேச்சிலும் இதுவே நிலை. மார்க்கமும் நற்குணமும் உங்களுக்கு மனநிறைவளிக்கும் ஒருவர் பெண் கேட்டு வந்தால் மணமுடித்துக் கொடுங்கள், இல்லையேல் பூமியில் பித்னாவும் பரந்த பசாதும் விளையும் என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் உள்ளது. நற்குணத்தை ஒதுக்கிவிட்டு வேறெதையோ தேடுவதையே அது பித்னாவின் ஊற்றென்கின்றது. நம் ஊர்களிலோ கைக்கூலி வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளைப் பையனைத்தான் பெரியவர்களின் பேச்சைக் கெடுக்கும் பித்னாக்காரன் என்கின்றனர். தொகை பேசி முடிப்பவர்கள் சமாதானப் பிரியர்களாம்.

பெண்களே பித்னா என்பதையும் கூறிவிடுவோம். ஆண்களுக்குப் பெண்களினும் கடிய சோதனையைத் தாம் விட்டுச் செல்லவில்லை என்னும் கருத்தில் நபிமொழி உண்டு, மறுக்கவில்லை. அங்கே சோதிக்கப்படுபவன் ஆண். தன் பார்வைக்கும் நடத்தைக்கும் விடை கூறவேண்டியவனும் அவனே. செல்வமும் பித்னா, பிள்ளைகளும் பித்னா என்று அருளப்பட்டும் எவரும் பணப்பெட்டியைத் தெருவில் எறிந்ததாகவோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததாகவோ கேள்விப்படவில்லை. பெண் பிள்ளையின் படிப்பு என்னும்போது மட்டும் இச்சொல் நினைவுக்கு வருவானேன்?

நம் புனைகதையாளர்கள் இதனை நம் பேச்சாளர்களினும் நன்கு உணர்ந்துள்ளனர் எனத் தோன்றுகின்றது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. செல்வாக்குள்ள முதலாளி ஒருவரின் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் ஊர் அது. அங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதும், எதிர்த்துப் பேச ஒருவன் துணிவதும் ஊரின் அமைதியைக் கெடுக்கும் செயல்களாகவே பெரிய வீட்டாருக்குத் தோன்றுகின்றன. படித்து முடித்த வாசகர் எவரும் அந்த அமைதி கெட்டதற்காக வருந்துவதில்லை. முதலாளியின் வீழ்ச்சிக்கு விதை அவருடைய வீட்டிலேயே இருந்ததை ஆசிரியர் சொல்லாமல் சொல்லிவிடுகின்றார்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்னும் பிடிவாதமும் வேண்டா. அரபுச் சொல்லை அப்படியே விட்டுப் பிறைக்கோட்டில் குழப்பத்தை அடைக்கும் எளிய வழியும் வேண்டா. 8:28, 21:35, 64:15 ஆகிய இடங்களில் சோதனை பொருந்தும். 2:191, 2:217, 85:10 ஆகியவற்றில் மார்க்கத்திற்காக இழைக்கப்படும் கொடுமை என்று தெளிவாக எழுதினால், அவ்வசனத்தை எளியவன் மீது எறியும் கைக்குக் கல் கிட்டாது. 9:47இல் நயவஞ்சகர் படைக்குள் புகுந்து செய்ய நாடியது கலகமே. அங்குக் கலகம் என்றே இருக்கட்டும். 3:7இல் உள்ளத்தில் கோணலுடையோர் தேடுவதற்குக் குழப்பம் என்பதே தக்கது. தொழுகையின் கடைசி வேண்டுதலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நூல்களில் வாழ்வின் குழப்பம், மரணத்தின் குழப்பம் என்று அச்சிடுவதை மட்டும் நிறுத்திவிடுவது நன்று; மரணத்தில் குழப்பம் என்ன என்று பிள்ளை கேட்டால் உஸ்தாது என்ன சொல்வார்? 6:23 ஒன்றுதான் எவருக்கும் இடர் தருவது. மறுமையில், இணைவைத்தோர் தாம் இணைவைக்கவேயில்லை எனச் சத்தியம் செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு பித்னா இராது என்று அங்கே வருகின்றது. சோதனையும் பொருந்தாது, கலகமும் பொருந்தாது. விரிவுரையாளர் பலர் சாக்கு என்றும் மறுமொழி என்றும் கொண்டனர். அவ்விடத்தில் மறுமொழி என்றே எழுதி, அடிக்குறிப்பில் உலைக்களத்தை நினைவூட்டுவதே நமக்கு ஏற்புடையதாகப் படுகின்றது.